பிளாஸ்டிக்கை ரத்த அணு தொடுவதே இல்லை

டயாலிசர் (சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டி) பெட்டி மேல் 'பயோகம்பாட்டிபிள்', அதாவது உடம்புக்கு ஒத்துப்போகும் என்று பெருமையாக அச்சடித்திருக்கும், ஆனால் மாட்டும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்தும் போடுவார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் சித்தப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்து பெட் பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, வெறும் பிளாஸ்டிக்குதானே, அதுல ஏன் ரத்தம் உறையணும்?" நான் படித்தது இதைத்தான் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை.

ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) இருக்கும் புரதங்கள் அந்தப் பரப்பில் ஒட்டிவிடும். ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்கள் வந்து சேரும்போது அங்கே பிளாஸ்டிக் கிடையாது, புரதப் படலம்தான். காசிமேட்டில் கரையேற்றிய படகின் அடியில் சிப்பி அப்பியிருக்குமே, அங்கேயும் தண்ணீரில் இறங்கியதும் முதலில் படிவது கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப் படலம், மற்றதெல்லாம் பிறகுதான்.

எந்தப் புரதம் என்பதில்தான் விஷயம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஆல்புமின் 35 முதல் 50 கிராம், ஃபைப்ரினோஜன் வெறும் 2 முதல் 4 கிராம். கூட்டம் அதிகம், உருவமும் சின்னது, அதனால் ஆல்புமின் முதலில் இடம் பிடிக்கும். ஆனால் நிலைக்காது, பிடிப்பு அதிகமுள்ள புரதங்கள் பின்னால் வந்து அதைக் கிளப்பிவிடும். 1960களில் இதைக் கவனித்துச் சொன்னவர் லியோ வ்ரோமன், அதனால் 'வ்ரோமன் விளைவு' என்றே பெயர். (மனுஷன் டச்சு மொழியில் பேர்போன கவிஞரும்கூட.)

ஆல்புமின் உட்கார்ந்தால் தட்டணுக்கள் பெரிதாகச் சட்டை செய்யாது. ஃபைப்ரினோஜன் வேறு ரகம். ரத்தத்தில் மிதக்கும்வரை அமைதியான தட்டணு அதைக் கண்டுகொள்வதில்லை, ஆனால் பரப்பில் ஒட்டி உருவம் கொஞ்சம் மாறிவிட்டால் அதுவரை மறைந்திருந்த பகுதிகள் வெளியே தெரியும், தட்டணு அதைப் பிடித்துக்கொள்ளும், கிளர்ச்சியடைந்து மற்ற தட்டணுக்களையும் கூப்பிடும். இன்னொரு பக்கம், கண்ணாடி மாதிரி எதிர்மின்சுமை உள்ள பரப்பில் 12ஆம் உறைவுக் காரணி என்ற ரத்தப் புரதம் தூண்டப்பட்டு வேறு வழியாக உறைதல் தொடங்கும். ஹெபாரின் இந்தப் புரதப் படிவை நிறுத்துவதில்லை. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தை வேகப்படுத்தி, பின்விளைவைத்தான் அடக்குகிறது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் ஹெபாரின் தேவைப்படும் பொருளுக்கு அந்தப் பெட்டி வாசகம் கொஞ்சம் ஓவர்.

பெரியவருக்கு இன்னொரு கவலை: அதே டயாலிசரைக் கழுவித் திரும்ப மாட்டுகிறார்களே! ஆனால் பழைய செல்லுலோஸ் வடிகட்டிச் சவ்வுகளில் புது டயாலிசர்தான் அதிகம் படுத்தியது. அதன் ஹைட்ராக்சில் குழுக்கள் ரத்தத்தின் காம்ப்ளிமென்ட் என்னும் நோய் எதிர்ப்புப் புரத அமைப்பைத் தூண்டிவிடும், முதல் கால் மணி நேரத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியும், சிலருக்கு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்கூட வரும். மறுமுறை மாட்டும்போது முந்தைய புரதப் படலம் மூடியிருப்பதால் தொல்லை குறைவு, பிளீச் போட்டுக் கழுவினால் படலம் போய்விடும், திரும்பப் பழைய கதைதான். இப்போது பெரும்பாலும் பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக் வகை சவ்வுகள் என்பதால் அந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை.

அதற்காக மறுபயன்பாடு நல்லது என்று சொல்ல வரவில்லை, கிருமித் தொற்று பயம் நியாயமானது. மாட்டுவதற்கு முன் டயாலிசர் மேல் எழுதியிருப்பது நம் பெயர்தானா, கிருமிநாசினியை முழுதாக அலசி டெஸ்ட் பண்ணினார்களா என்று கேட்டுவிடுங்கள். சிஸ்டர் முறைத்தாலும் பரவாயில்லை.