திருத்துறைப்பூண்டி ஜங்ஷன், 1:87 ரயில் மாதிரி (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு): மண்வேலை முடிந்தது

பலகையில் முதலில் தண்டவாளம் பதித்து, மிச்ச இடத்தில் ஊரையும் வாய்க்காலையும் சொருகுவதுதான் மாதிரி ரயில் கட்டுபவர்கள் வழக்கம். டெல்டா ஊருக்கு அது சரிப்படாது. இங்கே தண்ணீர் போகும் வழி முதலில், ரயில் பிறகு, ஊர் கடைசி.

காரணம் பாதையின் திசை. 1861-இல் வந்த நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை ஆறுகளோடு சேர்ந்து கிழமேற்காகப் போகிறது. திருத்துறைப்பூண்டி வழியாகப் போகும் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் மாயவரம்–முத்துப்பேட்டை பாதை (1894) வடக்கு தெற்கு. கடலுக்கு ஓடும் ஆறுகளையெல்லாம் அது குறுக்கே தாண்டவேண்டும்: திருவாரூரில் ஓடம்போக்கி, தெற்கே பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, நடுவில் எண்ணற்ற வாய்க்கால்கள். ரயில் போகும் மேட்டுக்கரையில் தண்ணீர் போகப் போதிய கண் விடாவிட்டால் ஐப்பசி மழையில் மேற்குப் பக்க நடவு மூழ்கிவிடும்.

எடுத்துக்கொண்ட காலம் 1960-கள்: திருவாரூர், பட்டுக்கோட்டை, அகஸ்தியம்பள்ளி என மூன்று பக்கமும் மீட்டர் கேஜ். 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் கண்ணுக்கு உறுத்தாது. 19.5 மீட்டர் பெட்டி 22.4 செ.மீ. வரும். ஸ்டேஷனில் வண்டிகள் விலகி நிற்கும் 400 மீட்டர் லூப்பை அப்படியே வைத்தால் 4.6 மீட்டர் வேண்டும் என்பதால் 2.4 மீட்டராகச் சுருக்கியாயிற்று. சின்ன வண்டிக்கு அது போதும்.

அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட், 120 × 60 செ.மீ. அளவில் இரண்டு. மேலே 25 மி.மீ. தெர்மகோல். இரண்டு மீட்டர் மேட்டுக்கரைக்கு 23 மி.மீ. உயரம், ஆகவே ஒரே தாள் போதும். ஒட்ட ஃபெவிகால் மட்டும். ரப்பர் பசை தெர்மகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். வாய்க்காலைப் பலகைவரை வெட்டி இறக்கி, 40 செ.மீ.க்கு ஒரு மதகு வைத்தபிறகே தண்டவாளம். வயல் வரப்புக்கு 3.5 மி.மீ. போதும். அதற்குமேல் போனால் வரப்பு மதில் மாதிரி தெரியும்.

நிறத்தில்தான் அதிக நேரம் போனது. கடையில் விற்கும் செம்பழுப்புத் தூள் காவிரி வண்டல் ஆகாது. வண்டல் காய்ந்தால் சாம்பல், நனைந்தால் கிட்டத்தட்டக் கருப்பு. நிஜ வண்டலையே வாணலியில் வறுத்து (வறுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்), மல் துணியில் சலித்து, காந்தத்தால் இருமுறை துழாவவேண்டும். இரும்புத்துகள் மிஞ்சினால் இன்ஜின் மோட்டார் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தூவியபின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு. சொட்டுவிடும் பாட்டிலில் ஊற்றலாம். ஷாம்பு இல்லாமல் ஊற்றினால் பசை முத்துமுத்தாக உருண்டு மண்ணைக் குழிக்கும். ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்து அரை மி.மீ. துகள். டெல்டாவில் கல்லே கிடையாது, நிஜத்திலும் ஜல்லி வெளியூரிலிருந்துதான் வந்தாகவேண்டும். அதனால் சரளை வயல் மண்ணிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிவதே சரி.

இரண்டு பலகையும் சேரும் இடத்தில் தண்டவாளம் ஒருமுறை தூக்கிக்கொண்டது. வெயிலைவிட ஈரம்தான் குற்றவாளி: கார்த்திகையில் பிளைவுட் உப்பும், சித்திரையில் சுருங்கும். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து, 90 செ.மீ.க்கு ஒரு அரை மி.மீ. இடைவெளி விட்டதும் நின்றது.

ஊர் பெரும்பாலும் கூட்ஸ் ஷெட் இருக்கும் பக்கமே வளரும்: நெல் மண்டி, அரிசி ஆலை, வண்டிகள் நிற்கும் திடல், காப்பிக் கடை. லெவல் கிராசிங் கேட்டுக்கு மறுபுறம் வெகுகாலம் வயலாகவே கிடக்கும். ஆலை செய்யும்போது கட்டடத்தைப் பெரிதாக்கிக் களத்தைக் குறுக்குவதுதான் வழக்கமான தப்பு. புழுங்கல் நெல் காயக் களம்தான் வேண்டும். 30 × 20 மீட்டர் களம் 34 × 23 செ.மீ. கேட்கும், இங்கே 20 × 14 கொடுத்திருக்கிறது, கட்டடம் அதில் பாதி. 20 மீட்டர் புகைபோக்கி 23 செ.மீ., எட்ட நின்று பார்த்தால் முதலில் தெரிவது அதுதான்.

அடுத்தது 2019-க்குப் பிந்தைய அகலப்பாதைக்கான மாற்றுத் தட்டு. 1676 மி.மீ. என்றால் 19.3 வரும், கடைத் தண்டவாளம் 16.5தான். செம்பு பூசிய சர்க்யூட் பலகைக் கீற்றுகளைத் தண்டவாளத்துக்கு அடிக்கட்டையாக (ஸ்லீப்பர்) வைத்து, கையால் ஈயப்பற்று போட்டே செய்யவேண்டும். முதல் 30 செ.மீ. துண்டு அளவு பிசகி, 19.8 வந்துவிட்டது, பித்தளையில் ஒரு அளவுக்கட்டை செய்தபிறகு மறுபடி தொடங்கவேண்டும்.