பால்பல்தானே என்று விட்ட பல்

மகளுக்கு முதற்பல் முளைத்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். தேங்காய்ச் சொட்டுகளைப் பற்கள்போலக் குத்திய கொழுக்கட்டைகளை, வெள்ளைத் துணியால் மூடிய அவளுடைய தலையில் அம்மா மெல்லச் சொரிந்தார். ஒரு பல் வந்ததை அவ்வளவு மகிழ்ச்சியோடு கொண்டாடிய நாங்கள், வந்த பல்லை எப்படிக் காப்பது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அவளுக்கு மூன்று வயது நடக்கையில், ஒருநாள் காலை யன்னலோரத்தில் முகம் துடைத்துவிடும்போது தற்செயலாக மேலுதட்டை உயர்த்திப் பார்த்தேன். மேல்முன்பற்கள் நான்கிலும் முரசை ஒட்டினாற்போல், சுண்ணாம்பால் இழுத்தது போன்ற வெளிறிய கோடு ஒன்று ஓடியது. நடுப்பற்கள் இரண்டில் அந்தக் கோடு மண்ணிறமாகிக் குழிவிழத் தொடங்கியிருந்தது. கீழ்முன்பற்களில் ஒரு மாசும் இல்லை. வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "பால்பல்தானே பிள்ளை, எப்படியும் விழுந்துவிடும்." அதை நம்பி நான்கு மாதங்களை வீணாக்கினேன் என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

பல் வைத்தியர் வாயைப் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வி, இரவில் போத்தலோடு தூங்குகிறாளா என்பதுதான். ஆம், சீனி போட்ட பால்மாவைக் குடித்துக்கொண்டேதான் அவள் தூங்குவாள். வாயிலுள்ள பக்டீரியா சீனியை அமிலமாக்குகிறது என்றும், வாயின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது இறங்கும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் கடினமான மேற்படையான எனாமலிலிருந்து கனியுப்புகள் கரையத் தொடங்குகின்றன என்றும், பகலில் அந்த அமிலத்தைக் கழுவி ஆற்றும் உமிழ்நீர் தூக்கத்தில் மிகவும் குறைந்துவிடுகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். போத்தல் குடிக்கும்போது கீழ்முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடுகின்றன. பால் தேங்குகிற மேல்முன்பற்களே முதலில் சூத்தையாகின்றன. வெள்ளைக் கோடாக இருக்கும்வரை, எனாமலை உறுதியாக்கும் புளோரைட்டு என்ற கனியுப்பைப் பூசி அதை மீட்டுவிடலாம், குழி விழுந்தபின் அடைக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னபோது, கைவிட்டுப்போன நான்கு மாதங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பால்பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், பால்பற்களில் பின்னாலுள்ள கொடுப்புப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருந்து, பிள்ளை சோறு மென்று தின்பதற்கும், அடியில் வளரும் நிலையான பற்களுக்கு இடம் பிடித்து வைப்பதற்கும் உதவுகின்றன. அவற்றைச் சூத்தைக்குப் பலிகொடுத்துக் காலத்துக்கு முன் பிடுங்கினால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாய்ந்துவிடலாம்; பிறகு வரும் பல் கோணலாக வரலாம். வேரில் சீழ் கட்டினால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லும் பழுதுபடலாம். விழப்போகிற பல்தானே என்று விடுவதற்கு, பத்து ஆண்டு என்பது ஒரு பிள்ளையின் வாழ்வில் சிறிய காலமா?

வவுனியாவிலிருந்து வந்த மாமி, புளோரைட்டு பற்பசையே வேண்டாம் என்று தடுத்தார். அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது: வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு மிகுதி, அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் மண்ணிறப் படை விழுவதை அவர் கண்ணால் கண்டவர். கொழும்புக் குழாய்நீரில் அந்த அளவு புளோரைட்டு இல்லை. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது, பிள்ளை பசையை விழுங்கிவிடாத அளவை மட்டுமே. குறைந்தது 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) புளோரைட்டு உள்ள பசை, மூன்று வயதுவரை ஓர் அரிசி மணியளவும் அதன்பின் ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுவதும் பிதுக்கவே கூடாது. துலக்கியபின் பசையைத் துப்பினால் போதும். நீர்விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும்.

பிள்ளை தானே துலக்கப் பழகட்டும், ஆனால் ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் மறுபடி துலக்கிவிட வேண்டும். நான் மகளின் தலையை என் மடியில் சாய்த்து, பின்னாலிருந்து துலக்குகிறேன். அப்படிச் செய்தால்தான் கொடுப்புப் பற்களின் உட்பக்கம் தெரியும். போத்தலை நிறுத்திய முதல் வாரம் அழுகையிலேயே கழிந்தது. இப்போது இரவில் துலக்கியபின் குடிப்பதற்குத் தண்ணீர் மட்டுமே. விசுக்கோத்தும் இனிப்பும் முற்றாக இல்லை என்று சொல்லமாட்டேன். நாள் முழுவதும் கொறிப்பதைத் தவிர்த்து, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன், ஏனெனில் எவ்வளவு தின்றாள் என்பதைப் போலவே எத்தனை தடவை தின்றாள் என்பதும் பல்லுக்குக் கணக்கு.

அவளுக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் துலக்கிவிடும்போது, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் முரசைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை தெரிந்தது. எந்தப் பல்லும் விழாமலே ஓசையின்றி முளைப்பதால் பெற்றோர் பலர் பால்பல் என்றே எண்ணிவிடும் முதலாவது நிலையான கொடுப்புப் பல் அது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான வெடிப்புகளை மூடிப் பூசுவதற்காக, அது முழுவதும் வெளிவந்ததும் அழைத்துவரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். கண்ணாடியில் அதைக் காட்டியபோது, "அம்மம்மா இதற்கும் கொழுக்கட்டை அவிப்பாவா?" என்று மகள் கேட்டாள். வருகிற சனிக்கிழமை அவிப்பதாக அம்மா சொல்லிவிட்டார்.