ஆயிரத்து ஐந்நூறு புத்தகங்களும் ஒரு காரும்

பெட்டி வேலை முடிந்து வந்த அன்று, யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் அதை நிறுத்தினோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டு சில்லுகள், பக்கத்தில் ஒரு கதவு. வெளிநாடுகளில் விடுமுறைக்குக் காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்வார்களே, அந்தக் கரவன் போன்ற ஒன்று. படுக்கைக்கும் அடுப்புக்கும் பதிலாக எங்கள் பெட்டிக்குள் புத்தகத் தட்டுகள். பக்கத்துத் தீவுகளான வேலணை, புங்குடுதீவுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கதைப் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நானும் மனைவியின் தம்பியும் இரண்டு ஆசிரியர்களும் தீர்மானித்திருந்தோம். ஒரு வருடமாக வீடு வீடாகச் சேர்த்ததில் 1,500 புத்தகங்கள் கிடைத்திருந்தன.

"அத்தான், உங்கள் கார் இதை இழுக்குமா?" என்று கேட்டான் அவன்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது, ஏன் இழுக்காது என்றேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. படகோ, உணவுக்கடைப் பெட்டியோ காரின் பின்னால் இழுக்க நினைக்கும் எவருக்கும் அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது ஜப்பானில் இருந்து இறக்குமதியான 1,500 சிசி பெட்ரோல் கார். கையேடு முழுவதும் ஜப்பானிய மொழி. எவ்வளவு இழுக்கலாம் என்று அதில் எங்கும் ஓர் எண் இல்லை. ஏற்றுமதிச் சான்றிதழில் இரண்டு எண்கள் இருந்தன: காரின் வெற்று நிறை 1,130 கிலோ, மொத்த நிறை 1,405 கிலோ. இடைப்பட்ட 275 கிலோ எப்படி வந்தது என்று யோசித்தேன். ஜப்பானியக் கணக்கில் ஓர் ஆளுக்கு 55 கிலோ. ஐந்து இருக்கைக்கு 275. அவ்வளவுதான், பயணப் பைக்குக் கூட அதில் தனி ஒதுக்கீடு இல்லை. எங்கள் வீட்டில் எவரும் 55 கிலோவில் இல்லை.

பிறகு இணையத்தில் தேடினேன். இதே பெயரில் அவுஸ்திரேலியாவில் விற்ற காருக்கு மனம் குளிரும் ஓர் எண் கிடைத்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் வேறு, கியர்ப் பெட்டி வேறு, பின்பக்கச் சட்டம் வேறு. அந்த எண்ணை நம்பி இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. உங்கள் காரின் எண்ணை உங்கள் காரின் தகட்டிலும் கையேட்டிலும் மட்டும் தேடுங்கள்.

தயாரிப்பாளர் எதுவும் சொல்லாதபோது என்ன செய்வது? நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபடுகிறது. ஐரோப்பாவில், தனக்கென்று பிறேக் இல்லாத பெட்டி இழுக்கும் காரின் நிறையில் பாதியைத் தாண்டக் கூடாது. எவ்வளவு பெரிய வாகனம் என்றாலும் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. அவுஸ்திரேலியாவில் தயாரிப்பாளரின் எண் இல்லாவிட்டால், அப்படிப்பட்ட பெட்டி காரின் வெற்று நிறை வரை போகலாம், ஆனால் அங்கும் 750 கிலோவுக்கு மேல் பெட்டிக்குப் பிறேக் வேண்டும். என் காருக்கு ஒரு கணக்கில் 565 கிலோ, மற்றதில் 750. எதை எடுப்பது?

தெரிந்த கராஜ் அண்ணை ஒருவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இழுக்கும் தம்பி. நிற்குமா என்று கேளுங்கள்" என்றார்.

அந்த ஒரு வசனம்தான் என் கணக்கையெல்லாம் திருப்பிப் போட்டது. தட்டையான நிலத்தில் எஞ்சின் எதையும் மெல்ல மெல்ல இழுத்துவிடும். ஒழுங்கையிலிருந்து ஒரு மாடு திடீரென்று வீதிக்கு வரும்போது, காரையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்த வேண்டியவை காரின் நான்கு சில்லுகளில் உள்ள பிறேக்குகள் மட்டுமே. மணிக்கு 40 கிலோமீற்றரில் போவதை விட 60இல் போகும்போது அவை விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. நான் 565 என்ற எண்ணை எடுத்தேன்.

அடுத்தது பெட்டியின் உண்மையான நிறை. செய்தவர் "முந்நூறு கிலோ இருக்கும்" என்றிருந்தார். பழைய இரும்பு வாங்கும் இடத்தில் உள்ள லொறி நிறுக்கும் தராசுக்குக் கொண்டுபோனோம். கழற்றி, பெட்டியை மட்டும் தராசில் விட்டு நிறுத்தோம். 430 கிலோ. கண்மதிப்பை நம்பாதீர்கள், நிறை எழுதிய துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களைச் சந்திக் கடையில் அரிசி நிறுக்கும் தராசில் வைத்தோம். கலந்து எடுத்த நூறு புத்தகங்கள் 27 கிலோ. அப்படியென்றால் 1,500 புத்தகங்கள் 405 கிலோ. தட்டுகள் 60, பாய்கள், தண்ணீர்க் கான், மேசை எல்லாம் சேர்த்து 20. கூட்டினால் 915. என் கார் இழுக்கலாம் என்று நான் ஒப்புக்கொண்டது 565. வெறும் பெட்டியும் தட்டுகளும் சாமான்களும் போக மிஞ்சியது 55 கிலோ, அதாவது இருநூறு புத்தகங்கள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவ்வளவு பெரிய பெட்டியில் இருநூறு புத்தகங்களைக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்ற மனம் வரவில்லை.

காரைக் கைவிட்டோம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தன்னுடைய டீசல் டபுள் கப் வாகனத்தை மாதத்தில் இரண்டு நாள் தருவதாகச் சொன்னார். அதன் கையேட்டில் இழுவைக்கென்றே ஓர் அட்டவணை இருந்தது: பிறேக் உள்ள பெட்டிக்கு 1,500 கிலோ, இல்லாததற்கு 750.  எங்கள் பெட்டிக்குப் பிறேக் கிடையாது. ஆகவே 750ஐ முட்டாமல் 710இல் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். புத்தகங்களுக்கு 200 கிலோ. ஏறத்தாழ 740 புத்தகங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று இரண்டு நாள் கதைத்தோம். கெட்டி அட்டை போட்ட கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று இரண்டு கிலோ. அதன் இடத்தில் ஏழு கதைப் புத்தகங்கள் போகும். ஆசிரியர்களில் ஒருவர் கலைக்களஞ்சியத்தை விட மறுத்தார். அவர் சின்ன வயதில் அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்கவே வழியில்லாமல் வளர்ந்தவர். கடைசியில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே ஒரு தொகுதி என்று ஒத்துக்கொண்டோம். மிச்சப் புத்தகங்கள் அடுத்த முறைக்கு மாறி மாறிப் போகும்.

நிறை சரி என்றால் எல்லாம் சரி என்று நினைத்தது அடுத்த பிழை. ஆடி மாதம், சோளகம் வீசும் நேரம். வெள்ளோட்டத்துக்குப் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனோம். இரு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும்போது பக்கக் காற்று ஒன்று அடித்தது. பெட்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது, ஒவ்வோர் ஆட்டமும் முன்னதை விடப் பெரிதாக. பிறேக்கை மிதிக்க வேண்டும் என்றுதான் கால் துடித்தது. மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகமிதியிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்திய பிறகும் கை நடுங்கியது.

வீட்டில் பெரியப்பா கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "பின்பாரம்" என்றார். அவர் மாட்டு வண்டியில் புகையிலை ஏற்றியவர். வண்டியில் பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், வண்டி சொல்வழி கேட்காது. அளவான முன்பாரம் வேண்டும், கூடினால் மாட்டின் கழுத்து முறியும் என்றார். கரவன் இழுப்பவர்கள் சொல்வதும் இதேதான். ஐரோப்பாவில் பெட்டியின் நிறையில் 5 முதல் 7 வீதம், அவுஸ்திரேலியாவில் 10 வீதம் வாகனத்தின் பின்னால் பெட்டியைக் கொளுவும் இழுவைக் குண்டில் இறங்க வேண்டும் என்கிறார்கள். பக்கக் கதவு முன்புறமாக இருந்ததால் நாங்கள் பாரமான புத்தகங்களையெல்லாம் பின்சுவர்த் தட்டில் அடுக்கியிருந்தோம்.

முன்பாரம் அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஆள் நிறை பார்க்கும் தராசு ஒன்றைச் சமதரையில் வைத்து, குண்டின் உயரத்துக்கு வெட்டிய மரக்கட்டையை அதன் மேல் நிறுத்தி, பெட்டியின் மூக்கை அதில் இறக்க வேண்டும். சில்லுகளுக்கு முண்டு கொடுக்க மறக்கக் கூடாது. எங்களுக்கு முதலில் வந்தது 18 கிலோ. தட்டுகளை அச்சுக்கு மேலே நகர்த்தி, பாரமானவற்றைக் கீழ்த்தட்டில் வைத்து, படக்கதைப் புத்தகங்களை முன்பக்கம் கொண்டுவந்து, நாலைந்து முறை மாற்றி அடுக்கிய பிறகு 70 கிலோ காட்டியது.

அந்த 70 கிலோ இழுக்கும் வாகனத்தின் சுமைக் கணக்கிலும் சேரும். அதுவும் 70ஆக மட்டும் இல்லை. குண்டு பின்னச்சுக்கு 1.1 மீற்றர் பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் இடையில் 3 மீற்றர். துலா போலத்தான். முன்னச்சிலிருந்து ஏறத்தாழ 26 கிலோ குறைந்து, பின்னச்சில் 96 கிலோ ஏறுகிறது. பின்னால் மூன்று ஆட்களையும் ஏற்றி மேலதிகமாகப் புத்தகப் பெட்டிகளையும் போட்டால் முன்சில்லுகள் வீதியைப் பிடிக்கும் பிடி தளரும். ஆகவே வாகனத்துக்குள் புத்தகம் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பெட்டியின் ரயர்களையும் பாருங்கள். பக்கத்தில் அளவுக்கு அடுத்ததாக ஒரு சிறிய எண் இருக்கும். எங்களுடையதில் 75, அதன் பொருள் ஒரு ரயருக்கு 387 கிலோ. இரண்டுக்கும் 774, எங்களுக்குப் போதும். பெட்டிக்கான பதிவையும் காப்புறுதியையும் அலைந்து முடித்தோம்; அதை விரித்துச் சொல்ல இங்கே எதுவும் இல்லை.

முதல் பயணம் புங்குடுதீவுக்கு. 40க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்கள் பொறுமை இழந்து ஒலி எழுப்பின; இடம் வந்த இடமெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம். ஒரு வேப்பமரத்தின் கீழ் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். பின்னேரம் பதிவேட்டை எண்ணிப் பார்த்தோம்: 150 புத்தகங்கள் இரவலாகப் போயிருந்தன. ஒரு சிறுமி கலைக்களஞ்சியத் தொகுதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள்.

புறப்படும் முன் தராசை எடுத்து மூக்கை இறக்கினேன். 50 கிலோ. பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்தது முன்தட்டுப் படக்கதைகளை. காற்றும் காலையை விடக் கூடியிருந்தது. மச்சான் பின்தட்டிலிருந்து இரண்டு பெட்டி புத்தகங்களை இறக்கி முன்னால் வைத்தான். மறுபடி பார்த்தேன், 63. கொளுவியைப் பூட்டி, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, பாலத்தை நோக்கி வாகனத்தை எடுத்தேன்.