இராயப்பர் கல்லறை முன்னால்

இயேசுவின் சீடருக்கு எங்கள் வீட்டில் 'பேதுரு' என்ற பெயர் பின்னால் வந்ததுதான். ஆச்சிக்கு அவர் கடைசிவரை இராயப்பர். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். இயேசு பேசிய அரமேயத்தில் கேபா, கிரேக்கத்தில் பேத்ரோஸ், எல்லாம் கல்தான். வத்திக்கானில் பேராலயத்துக்கு அடியில் இருக்கும் பழைய இடுகாட்டுக்குள் இறங்கிய அன்று, ஆச்சி சொல்லும் அந்தப் பெயர்தான் என் வாயில் வந்துகொண்டே இருந்தது.

முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தோம். ஒரு நாளைக்கு சுமார் 250 பேரைத்தான் சிறு சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள். பேராலயத்தின் இடப்பக்கம் சுவிஸ் காவலர்களைத் தாண்டினால் ஒரு சிறிய முற்றம். அங்கே தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது. இப்போது பெரிய சதுக்கத்தின் நடுவில் நிற்கும் எகிப்தியக் கல்தூண் 1586 வரை இந்த இடத்தில்தான் நின்றது. உரோமைப் பேரரசன் நீரோவின் தேரோட்டத் திடல் இது. கி.பி. 64-இல் உரோமை எரிந்தபின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொன்று குவித்தது இந்தப் பக்கத்தில்தான். இராயப்பரைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்று திருச்சபை மரபு சொல்கிறது. அந்தக் கல்லைக் குனிந்து தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

கீழே இறங்க இறங்கப் புழுக்கம். இரண்டு பக்கமும் செங்கல் வீடுகள் போலக் கல்லறைகள், நடுவே ஓர் ஆள் போகும் சந்து. பெரும்பாலும் பிற மதத்தாருடைய குடும்பக் கல்லறைகள். ஒன்றில் மட்டும் கூரையில் பொன்னிறக் கற்பதிப்பு: சூரியனைப் போலத் தேரில் ஏறிவரும் கிறிஸ்து. அதே அறைச் சுவரில் தூண்டில் போடும் ஒரு மீனவன்.

இந்த இடுகாட்டை மண் போட்டு மூடித்தான் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4-ஆம் நூற்றாண்டில் முதல் பேராலயத்தைக் கட்டினார். பக்கத்தில் சமதரை இருந்தும், குன்றின் சரிவை வெட்டி, குடும்பங்கள் உரிமை கொண்டாடிய கல்லறைகளைப் புதைத்து, இவ்வளவு பாடுபட்டு ஏன் இங்கேயே கட்ட வேண்டும்? இராயப்பரைப் புதைத்ததாக நம்பிய குழி பீடத்துக்கு நேர் கீழே வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. கி.பி. 200 வாக்கில் காயுஸ் என்ற உரோமைக் குரு, "வத்திக்கானுக்கு வா, திருத்தூதரின் வெற்றிச் சின்னத்தைக் காட்டுகிறேன்" என்ற பொருளில் எழுதியதைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சின்னத்தின் மிச்சத்தைத்தான் 1940-களில் தோண்டியவர்கள் கண்டார்கள். சிவப்புப் பூச்சுச் சுவர், அதில் ஒரு மாடம், முன்னால் சிறு தூண். அவ்வளவே. ஊர்க் கோடியில் நாம் கட்டும் குருசடிகூட இதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதை ஒட்டி இன்னொரு சுவர் முழுக்கக் கீறல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக எழுத்துகள், பெயர்கள், கிறிஸ்துவின் குறியீடு. நம்மைப் போல வந்தவர்கள் ஆணியாலோ கத்தி முனையாலோ கீறிவிட்டுப் போன வேண்டுதல்கள். அந்தச் சுவரின் துவாரத்துக்குள் கண்ணாடி போன்ற பெட்டியில் எலும்புத் துண்டுகள் தெரிந்தன. கல்லறையைக் கண்டுவிட்டோம் என்று 1950-இல் அறிவித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பியுஸ்), எலும்புகள் இராயப்பருடையவைதான் என்று உறுதி சொல்லவில்லை. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் நம்பத்தக்க வகையில் அவை அடையாளம் காணப்பட்டதாகச் சொன்னார். அறிஞர்கள் சிலர் இன்றும் ஏற்பதில்லை. நான் முழங்காலிட்டேன். ஆறேழு நிமிடம் யாரும் பேசவில்லை.

"உன் பெயர் பேதுரு; இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்ற மத்தேயு 16-ஆம் அதிகார வார்த்தையை எத்தனை திருப்பலியில் கேட்டிருப்பேன்! அடுத்த வசனத்தில் திறவுகோல். எசாயா 22-இல் தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கிமின் தோளில் வைக்கப்படும். அரசர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பாளர் பொறுப்பு அது, அரச பதவி அல்ல. ஆனால் அந்தக் குழிக்கு முன்னால் எனக்கு நினைவு வந்தது கரி நெருப்பு. தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பருகே தம்மை மும்முறை மறுதலித்த இராயப்பரை, திபேரியக் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பருகே இயேசு மும்முறை கேட்கிறார்: "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். இராயப்பரின் வழிவரும் திருத்தந்தையின் பணி என்று நான் புரிந்துகொண்டிருப்பது அந்த மூன்று கேள்விகளைத்தான்.

அந்தப் பணி ஒரே நாளில் இன்றைய உருவம் எடுத்துவிடவில்லை. அதை மறைக்கத் தேவையும் இல்லை. சுமார் கி.பி. 96-இல் கொரிந்துச் சபையின் பிளவைத் தீர்க்க உரோமையிலிருந்து போன கடிதத்தை உரோமை ஆயர் கிளமெந்து எழுதியதாக மரபு சொல்கிறது. கடிதத்திலோ அவர் பெயரே இல்லை, உரோமைத் திருச்சபை பேசுகிறது. 180 வாக்கில் லியோன் நகர் ஆயர் இரேனேயு, லீனுஸ் தொடங்கி உரோமை ஆயர்களை வரிசையாக எழுதிவைக்கிறார். 451-இல் கால்செதோன் சங்கத்தில் திருத்தந்தை முதலாம் லியோவின், அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் சிங்கராயரின், மடலை வாசித்தபோது, "லியோ வழியாகப் பேதுரு பேசினார்" என்று ஆயர்கள் முழங்கினார்கள். கிழக்குத் திருச்சபைகள் இன்றும் இந்த முதன்மையை வேறு விதமாகத்தான் புரிந்துகொள்கின்றன. அந்தப் பிரிவு எனக்கு வலிக்கிறது.

மேலே ஏறி வந்து முதன்மைப் பீடத்தின் முன் நின்றேன். 1594-இல் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து அமைத்த பீடம் அது. அதனுள்ளே இரண்டாம் கலிஸ்துவின் பீடம், அதற்கும் கீழே பெரிய கிரகோரியார் காலத்துப் பீடம், அடுத்து கான்ஸ்டன்டைனின் பளிங்கு, அதற்குள் காயுஸ் சொன்ன மாடம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மண். அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தைச் சுற்றி, ஆள் உயரத்தையும் மிஞ்சும் எழுத்துகளில் அதே வார்த்தை: 'நீ பேதுரு'.

வெண்கல இராயப்பரின் வலது பாதம் தொட்டுத் தொட்டு விரல்கள் தெரியாமல் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. வரிசையில் நின்று, ஆச்சியின் செபமாலையை அதன்மேல் வைத்தேன். சிறுவயதில் அவள் சொல்லித் தந்தபடியே வாய் முணுமுணுத்தது.

"அர்ச்சியசிஷ்ட இராயப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."