ஆர்சிங்க் வைத்து வேறு கணினிக்கு மாறிய கதை

பழைய உபுண்டு கணினியில் இருந்த கோப்புகளையும் செட்டிங்ஸையும் புதிய லேப்டாப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கையில் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு கொண்டது. லினக்ஸின் கோப்பு அனுமதிகளும் சிம்பாலிக் லிங்க்குகளும் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) அதில் தங்காது. அதனால் டிஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்த்து, எஸ்எஸ்ஹெச் (கணினிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியாக, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டினேன்.

கட்டளையோடு சின்ன 'ஏ' (-a) கொடுத்தால் அனுமதி, தேதி, லிங்க் எல்லாம் அப்படியே வரும். கூடவே 'என்' (-n), 'வி' (-v) இரண்டையும் போட்டால் அது வெறும் ஒத்திகை: எதுவும் நகராது, எவை போகும் என்ற பட்டியல் மட்டும் ஓடும். இதைச் செய்யாமல் யாரும் என்டர் தட்டக் கூடாது என்பேன். மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லையென்றால் ஃபோல்டரே போய் உட்காரும். பட்டியலில் கோப்புகளின் பாதை 'டாக்குமெண்ட்ஸ்' என்று தொடங்குகிறதா, பயனர் பெயரில் தொடங்குகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஆவணங்கள், படங்கள் எல்லாம் சிரமமில்லாமல் வந்து சேர்ந்தன. மெனக்கெட வைத்தவை, புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள்தான். டாட் கேஷ் (.cache, தற்காலிகக் கோப்புகள்) எதற்கும் தேவையில்லை, முழுதாக விலக்கினேன். நிரல்களின் செட்டிங்ஸ் இருக்கும் டாட் கான்ஃபிக்கை (.config) மொத்தமாக அள்ளிவர மனம் வரவில்லை. அதற்குள் பழைய மானிட்டரின் அளவுகளைச் சொல்லும் கோப்புகூட இருக்கிறது, புதுத் திரைக்கு அது எதற்கு? வேண்டிய நிரல்களின் ஃபோல்டர்களை மட்டும் எடுத்தேன். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் செட்டிங்ஸ் ஒரு பைனரி கோப்பில் இருப்பதால் 'டிகான்ஃப் டம்ப்' கொடுத்து உரையாக இறக்கி, தேவையில்லாத வரிகளை நீக்கி, புதியதில் 'டிகான்ஃப் லோட்' கொடுத்தேன். ஷார்ட்கட்கள் உடனே வேலை செய்தன. தமிழ்99 விசைப்பலகைக்கான வரியும் வந்தது, ஆனால் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவிய பிறகுதான் தட்டச்சு செய்ய முடிந்தது. செட்டிங் வரும், மென்பொருள் வராது, அவ்வளவுதான் கணக்கு.

ஃபயர்பாக்ஸுக்குத் தனி கவனம் வேண்டும். ஸ்நாப்பாக (உபுண்டுவின் ஒரு வகை மென்பொருள் தொகுப்பு) நிறுவியிருந்தால் அதன் ப்ரொஃபைல் ஹோமில் உள்ள 'ஸ்நாப்' ஃபோல்டருக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் உலாவியை மூடிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பு அரைகுறையாக வரக்கூடும். கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொன்றிலும் இருப்பதால், ப்ரொஃபைலை முழுசாகக் கொண்டுவருவதே நல்லது.

எஸ்எஸ்ஹெச்சின் ரகசியச் சாவிகள் 600 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) அப்படியே வந்தன. அது தளர்ந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியைத் தொடவே தொடாது.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேப் ஹோம் ஃபோல்டரிலேயே கிடையாது, ஆர்சிங்க் கண்ணில் படாது. பழையதில் 'கிரான்டேப்' கட்டளையோடு சின்ன 'எல்' (-l) கொடுத்து ஒரு கோப்பில் சேமித்து, புதியதில் அதையே ஏற்றினேன். அப்புறம், எல்லா நிரல்களையும் மூடிவிட்டு அதே ஆர்சிங்க் கட்டளையை மறுபடி ஓட்டினேன். மாறியவற்றை மட்டும் அனுப்புவதால் சட்டென முடிந்தது.