நெட் காட்சிக்கலைத் தேர்வு: யதார்த்தவாத நிர்வாண ஓவியங்களை நான் படித்த விதம்

நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகி உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே பலரும் கூச்சப்பட்டு மேலோட்டமாகக் கடந்துவிடும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓவியர்வாரியாகப் படிக்காமல், பிரான்சின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோன் காட்சிகளின் ஆண்டுவாரியாகப் படியுங்கள் என்பதே என் ஆலோசனை. 1863இல் பிரெஞ்சு ஓவியர் கபனேலின் ‘வீனஸின் பிறப்பு’ சலோனில் பாராட்டப்பட்டு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனால் வாங்கப்பட்டது. அதே ஆண்டு இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மனேயின் ‘புல்வெளியில் பகலுணவு’, சலோன் ஏற்காத படங்களுக்கான நிராகரிக்கப்பட்டோர் காட்சியில் ஏளனத்துக்கு உள்ளானது. கபனேலின் பெண் அலைமேல் கிடக்கும் தெய்வம் என்பதால் அவளுடைய நிர்வாணம் யாரையும் உறுத்தவில்லை. மனேயின் பெண்ணோ, அக்காலக் கோட்டு அணிந்த ஆண்களுக்கிடையே, கழற்றிப்போட்ட உடைகளுக்கு அருகில் அமர்ந்து நம்மை நேராகப் பார்க்கிறாள். புராணப் போர்வை விலகியதே சிக்கல் என்பது பிடிபட்டுவிட்டால், கூற்று–காரண வினாக்களில் பாதி தாமாகவே அவிழும்.

மனேயின் ‘ஒலிம்பியா’வுக்கு இரண்டு ஆண்டுகளையும் எழுதிவையுங்கள்: தீட்டியது 1863, சலோனில் வைத்தது 1865. கால வரிசை வினாவில் எனக்குக் கைகொடுத்தது இதுதான். மறுமலர்ச்சிக்கால இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘உர்பினோ வீனஸ்’ படத்தை அருகில் வைத்து நிதானமாகப் பாருங்கள். அங்கே உறங்கும் நாய் இருந்த இடத்தில் இங்கே கறுப்புப் பூனை நிற்கிறது. கூட்டாகப் படிப்பவர்களுக்கு இந்த நிதானம் வாய்க்காது என்பது என் எண்ணம்.

பிரெஞ்சு யதார்த்தவாத ஓவியர் கூர்பேக்குக் குறைந்தது இவை போதும்:
- 1853: ‘குளிக்கும் பெண்கள்’. சதை மடிப்புகளை மறைக்காத முதுகு. இன்று மான்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது.
- 1855: ‘ஓவியரின் கலைக்கூடம்’. நிர்வாண மாடல் பின்னால் நிற்க, அவர் தீட்டுவது நிலக்காட்சி.
- 1866: ‘கிளியுடன் பெண்’ சலோனில் ஏற்கப்பட்டது, அதே ஆண்டு கலீல் பே என்ற சேகரிப்பாளருக்காகத் தீட்டிய ‘உலகின் தோற்றுவாய்’ தனியார் கைகளில் மறைந்திருந்து, 1995இல்தான் ஓர்சே அருங்காட்சியகத்தை அடைந்தது.

மூன்றாம் நெப்போலியன் ‘குளிக்கும் பெண்கள்’ படத்தைச் சாட்டையால் அடித்தார் என்பது போன்ற கதைகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆண் நிர்வாணத்துக்குப் பிரெஞ்சு ஓவியர் கைபோத்தின் ‘குளியலறையில் ஆண்’ (1884), அமெரிக்க ஓவியர் ஏக்கின்ஸின் ‘நீச்சல் குளம்’ (1885) ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் மாணவர்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத்துணியை நீக்கிய விவகாரத்தில் ஏக்கின்ஸ் 1886இல் பென்சில்வேனியா கலைக்கழகப் பதவியை இழந்ததையும் அதனுடன் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.