ஃபயட்வில், 16ஆம் எண் சாலை: நாலு கிலோமீட்டர், ஏழு மணி நேரம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் சார்ல்ஸ்டனிலிருந்து ஃபயட்வில் போக இரண்டு வழி உண்டு. பெக்லி வழியாகச் சுங்கம் கட்டி வரும் நெடுஞ்சாலை சுலபம். 1945இல் வீடு தீப்பிடித்து ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த சாடர் குடும்பத்தின் துயரம் நடந்த இடத்தை அறிய வருகிறவர்கள் 60ஆம் எண் சாலையில் காலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு வந்து, அதைக் கடந்ததும் தெற்கே பிரியும் 16ஆம் எண் சாலையில் திரும்பலாம். நியூ ரிவர் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் வளைவுகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் பனி உறைந்திருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

ஊருக்குச் சற்று வடக்கே, இந்தச் சாலையோரம் இருந்தது சாடர் குடும்பத்தின் மரவீடு. 1945 கிறிஸ்துமஸ் அதிகாலை ஒரு மணி வாக்கில் தீப்பிடித்தது. பெற்றோர் ஜார்ஜும் ஜென்னியும் நாலு பிள்ளைகளும் தப்பினார்கள். மாடியில் படுத்திருந்த ஐந்து பிள்ளைகள் வெளியே வரவில்லை. அவர்களில் மூத்தவனுக்கு 14 வயது.

மாடிக்கு ஏறலாம் என்றால், எப்போதும் சுவரில் சாய்ந்திருக்கும் ஏணியைக் காணோம். பின்னால் 75 அடி தள்ளி ஒரு சரிவில் கிடைத்தது. முந்தைய நாள் ஓடிய, ஜார்ஜின் இரண்டு நிலக்கரி லாரிகளும் கிளம்பவில்லை. பீப்பாயில் பிடித்திருந்த மழைத்தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. தீயணைப்பு நிலையம் நாலு கிலோமீட்டர் தூரம்தான். வண்டி வந்தது காலை எட்டு மணிக்கு. தீயணைப்புத் தலைவருக்கு அந்த லாரியை ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்த ஆளுக்காகக் காத்திருந்தார்கள். இதே தூரத்தை இன்று காரில் சில நிமிடங்களில் கடக்கும்போது அந்த ஏழு மணி நேரம் நெஞ்சை அடைக்கிறது.

மின்கம்பிக் கோளாறே காரணம் என்றது விசாரணை. பிள்ளைகளின் எலும்புகள் அகப்படவில்லை. சாம்பலைச் சலித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், சில நாட்களிலேயே தந்தை அந்த இடத்தின் மேல் ஐந்தடி மண்ணைக் கொட்டி மூடினார். பிள்ளைகளின் நினைவாகப் பூ வளர்க்க நினைத்தவரை எப்படிக் குறை சொல்வது? ஆனால் இந்த வழக்கின் விடை அந்த மண்ணுக்கடியில்தான் போயிருக்க வேண்டும்.

1949இல் தோண்டியபோது நாலு முதுகெலும்புத் துண்டுகள் கிடைத்தன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் பார்த்ததில் அவை ஒரே ஆளுடையவை, வயது 16 அல்லது 17 இருக்கலாம், நெருப்புப் பட்ட தடயம் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் அவை அந்த ஐவரில் எவருடையவையாகவும் இருக்க வாய்ப்புக் குறைவு. கொட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று பெற்றோர் நம்பினார்கள். பிறகு சாலையோரத்தில் ஐந்து முகங்களோடு பெரிய பலகை எழுந்தது. தகவல் தருவோருக்குச் சன்மானம் 5,000 டாலர், பின்னர் 10,000. தீப்பிடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கென்டக்கியின் சென்ட்ரல் சிட்டி அஞ்சல் முத்திரையோடு ஒரு வாலிபனின் படம் தாயின் பெயருக்கு வந்தது. பின்புறம் ஐவரில் ஒருவனின் பெயர், 'லூயிஸ் சாடர்' என்று கையால் எழுதியிருந்தது, அனுப்பியவர் முகவரி இல்லை. பெற்றோர் அதை நம்பினார்கள், பலகையிலும் சேர்த்தார்கள்.

பலகையைத் தேடி அலைய வேண்டாம். 1989இல் ஜென்னி இறந்த பின் அதை எடுத்துவிட்டார்கள். வீடு இருந்த இடம் தனியார் நிலம், வேலி தாண்டாதீர்கள். கடைசிவரை கறுப்பு உடுத்தி, அங்கே பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வந்தவர் அந்தத் தாய்.